காம்பாஸுக்குப் பின்னால் மாட்டிய ரேடியோ

என் அக்காள் புருஷன் தோணித் தண்டல். ராயபுரத்திலிருந்து காக்கிநாடாவுக்கு உப்பு மூட்டை ஏற்றிப் போகும் பாய்மரத் தோணியை நடத்திச் செல்வது அவர் வேலை. அவருக்குக் கீழே ஏழு பேர். நான் ராயபுரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். அந்த வட்டாரத்தில் வால்வு ரேடியோவைத் திறந்து மூடத் தெரிந்தவர்கள் மூன்று பேர். மற்ற இரண்டு பேருக்கும் திறக்க மட்டும்தான் தெரியும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, தலைக்கனம் ஜாஸ்தி. இப்போது அதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. அந்தத் தலைக்கனத்தால் எட்டு பேரைக் கடலில் மூழ்கடிக்கப் பார்த்தவன் நான்.

யுத்தம் முடிந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. முந்தின வருஷம் சித்திரைக் கடைசியில் தோணி கிளம்பிப் போன மறுநாள் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். கூண்டு துறைமுகத்தில்தான் ஏறும். நடுக்கடலில் இருப்பவனுக்கு அதை யார் காட்டுவது? அக்கா மூன்று நாள் அந்தக் கூண்டைப் பார்த்துக்கொண்டு கடலோரமே கிடந்தாள், கூப்பிட்டால் வரவில்லை, சோறு கொண்டுபோனால் தொடவில்லை. ஒன்பதாம் நாள் பாய்மரம் முறிந்து, தோணி எப்படியோ கரை சேர்ந்தது. மாமா வாசல்படி ஏறியதும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "ரேடியோப் பொட்டி வெக்காம இனிமே நீ கெளம்பக் கூடாது" என்பதுதான். அடுத்தது என்னைப் பார்த்துச் சொன்னாள். "நீ எதுக்குடா கடை வெச்சினு கீறே? எம் புருஷனுக்கு ஒரு பொட்டி பாத்துக் குடு."

ரேடியோவில் மாலைச் செய்திக்குப் பிறகு வானிலை சொல்வார்கள். அது தோணியில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. அதற்காக நான் இரண்டு மாதம் அலைந்தேன். யுத்தத்தில் மிஞ்சிய மிலிட்டரிச் சாமான்கள் அப்போது மூட்டை மூட்டையாக விலைக்கு வந்துகொண்டிருந்தன. வண்ணாரப்பேட்டையில் ஒரு சாயபு கிடங்கு வைத்து விற்றார். தண்ணீரின் ஆழம் காட்டும் மெஷின் ஒன்றை என் முன்னால் வைத்து ஆசை காட்டினார். அதற்கு வேண்டிய பேட்டரியை ஏற்றினால் தோணியில் உப்புக்கு இடமிருக்காது. ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினாலே ஆழம் தெரியும், அது ரிப்பேரும் ஆகாது என்று தள்ளிவிட்டேன். பளபளவென்று ஏழு குமிழ் வைத்த செட் ஒன்றையும் வேண்டாம் என்றேன். குமிழ் கூடினால் கோளாறும் கூடும். கடைசியில் அழுக்குப் பச்சை நிறத்தில் இரண்டே குமிழ் உள்ள செட் ஒன்றைப் பிடித்தேன். உலர்ந்த பேட்டரியில் ஓடுவது, வால்வு போனால் காக்கிநாடாவிலும் வாங்கலாம். குலுக்கல் தாங்குகிறதா என்று பார்க்க அதைக் கைவண்டியில் கட்டிக் கருங்கல் ரோட்டில் தொண்டியார்பேட்டை வரைக்கும் உருட்டிக்கொண்டு போனேன். காதில் மாட்டிய ஹெட்போனில் பாடிக்கொண்டேதான் வந்தது. கோணிமேல் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். பிறகு உள்ளே இருந்த சுருள்களுக்கெல்லாம் ஈரம் ஏறாமலிருக்க மெழுகு உருக்கி ஊற்றினேன். இதுவரைக்கும் நான் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அந்தச் செட்டில் ஸ்பீக்கர் கிடையாது, ஹெட்போன்தான். அங்கேதான் எனக்குக் குரங்குப் புத்தி வந்தது. பெரிய ஸ்பீக்கர் ஒன்று வேண்டும் என்று கேட்டேன்.

"நைனா, பாட்டு கேக்கறதுக்குன்னா வாங்கிக்கோ" என்றார் சாயபு. "கடல்ல போறதுக்கு ஹெட்போன் போதும். மிலிட்டரிக்காரன் சொம்மாவா அத்த வெச்சான்?"

"ஒருத்தன் காதுல மட்டும் கேட்டா போதுமா? எட்டு பேரும் கேக்க வேணாவா?" என்று நியாயம் பேசினேன். உண்மைக் காரணம் வேறு. தோணி காக்கிநாடாத் துறைக்குள் நுழையும்போது பாட்டு ஊரெல்லாம் கேட்க வேண்டும், இதை மாட்டினவன் யாரப்பா என்று நாலு பேர் விசாரிக்க வேண்டும். அந்த ஆசைக்காகத் தேக்குப்பெட்டி ஒன்று செய்து, செட்டையும் ஸ்பீக்கரையும் அதில் சேர்த்துப் பொருத்தினேன். ஸ்பீக்கரின் முதுகில் இருந்த காந்தம் மட்டும் ஒரு தேங்காய் பருமன் இருக்கும்.

மாமாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தோணி துறையில் நிற்கும் நாட்களில் காம்பாஸை அதில் விட்டுவைக்க மாட்டார். பெட்டியோடு சிவப்புத் துணியில் சுற்றிக் காலடிப்பேட்டை வீட்டுக்கு எடுத்து வந்து சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிடுவார். கிளம்புகிற அன்று விடியற்காலையில்தான் அது மறுபடி தோணி ஏறும். அது பித்தளைக் கிண்ணத்துக்குள் தட்டு மிதக்கிற பழைய காம்பாஸ். அவர்கள் அதை 'முள்' என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் அதைத் தட்டிப் பார்த்துக் கேலி செய்வேன்.

"இன்னா மாமா, உன் முள்ளு கெயவனாயிடுச்சு. தட்டினாத்தான் எய்ந்து குந்துது. இத்த நம்பியா கடலுக்குப் போற?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஒரு மாதம் முழுக்க, போகும்போதும் வரும்போதும் இதே பேச்சைப் பேசினேன்.

தோணியில் பின்பக்கம் ஒரு சின்ன அறை. அறைச்சுவருக்கு வெளியே சுக்கான் பிடிப்பவர் நிற்பார். அவர் கண்ணுக்கு நேராகப் பலகையில் ஒரு மாடம், காம்பாஸ் உட்காருகிற இடம். நான் ரேடியோ மாட்டப் போன அன்று மாடம் காலியாக இருந்தது. அறைக்கு உள்பக்கம், மாடத்துக்குப் பின்னால், கொஞ்சம் இடது பக்கமாகப் பலகை நல்ல கெட்டியாக இருந்தது. அலை அடித்தாலும் ஆடாது என்று தட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியை அங்கேயே நான்கு திருகாணி போட்டு இறுக்கினேன். சுக்கான்காரருக்கும் பாட்டு கேட்கும் என்று சந்தோஷம் வேறு.

கிளம்புகிற அன்று காலை கரையில் நின்று கையாட்டினேன். கரைக்காற்றில் பாய் புடைத்துத் தோணி வடக்கே திரும்பியது. உள்ளேயிருந்து நாதஸ்வரம் கேட்டது. பக்கத்தில் நின்ற மூட்டைக்காரர்களிடம் அது என் கைவேலை என்று சொல்லிவிட்டுத்தான் கடைக்குப் போனேன்.

மணி ஒன்பது இருக்கும். கிழிந்த ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். அவள் கையில் அந்தச் சிவப்புத் துணி இருந்தது.

"இத்த வூட்லயே வுட்டுட்டுப் போய்ட்டாருடா. துணி சுத்தாம முள்ளுப் பொட்டிய மாருல அணைச்சினு ஓடினாரு. மனசு ஒருமாதிரி இருந்துச்சு, அதான் உன்னாண்ட வந்தேன். ரேடியோப் பொட்டி எங்க மாட்டிகீற, அவரு கைக்கு எட்டுமா?"

"அவுரு முள்ளு வெக்கிற மாடம் கீதே, அதுக்கு நேர் பின்னாடிதான்" என்றேன். "நடுவுல ஒரு பலகதான். முள்ளும் பாட்டும் பக்கத்துல பக்கத்துல."

ரிப்பேர் செய்யும்போது கழற்றிய திருகாணிகள் உருண்டு ஓடிவிடாமல் ஏதாவது ஒரு ஸ்பீக்கரின் காந்தத்தின் மேல் போட்டுவைப்பது என் வழக்கம். பேசிக்கொண்டே ஒரு திருகாணியை அதன் பக்கம் நீட்டினேன். விரலிலிருந்து தாவிப்போய் டப்பென்று ஒட்டிக்கொண்டது. ஒரு நாளைக்கு நூறு தடவை பார்க்கிற காட்சி. அன்றைக்குத்தான் என் கண் அதைப் பார்த்தது. கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது.

"இன்னாடா?" என்றாள் அக்கா.

"காந்தம்" என்றேன். "அக்கா, அந்தக் காந்தம் முள்ள இஸ்துடும். இடது பக்கம் இஸ்துடும். நேரா வடக்கால போறதா நெனைச்சினு கரைப்பக்கமா போவாங்க."

தண்டல் பெண்டாட்டிக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. வடக்கே கரைப்பக்கமாக ஒதுங்கினால் பழவேற்காட்டுத் திட்டு. தண்ணீருக்கடியில் மைல்கணக்கில் மணல் மேடு, உப்பு ஏற்றிய தோணி அதில் தட்டினால் அலை அடித்தே பிளந்துவிடும். சாயங்காலத்துக்குள் அந்த இடம் வந்துவிடும். தோணிக்கு இங்கிருந்து சேதி சொல்ல வழியே இல்லை. நான் மாட்டியது கேட்கிற பெட்டி, பேசுகிற பெட்டி இல்லை.

அக்கா அழவில்லை. தெரு முனையில் போய்க் காற்றைப் பார்த்துவிட்டு வந்தாள். "கரைக்காத்து நிக்கப் போவுது. கடக்காத்து எய்ந்திருக்கிற வரிக்கும் தோணி எண்ணூராண்ட சொம்மா நிக்கும். அதுக்குள்ள போய்ச் சேரு. எம் புருஷன் இல்லாம திரும்பி வந்தா என் மூஞ்சில முழிக்காதே" என்றாள்.

ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஸ்குரூ டிரைவரை இடுப்பில் செருகி, சைக்கிளை எடுத்தேன். தொண்டியார்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று பெட்டி பெட்டியாக நகர்ந்துகொண்டிருந்தது, நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாத நகர்ச்சி. கேட்காரரைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். அவர் பாட்டுக்குப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கேட் திறந்ததும் மாட்டுவண்டிகளுக்கு நடுவே நுழைந்து போனேன். திருவொற்றியூர் தீப்பெட்டி பாக்டரியைத் தாண்டியதும் வலது பக்கம் கடல் திறந்தது. தூரத்தில் ஒரே ஒரு பாய். அது தொங்கிக் கிடந்தது. அந்தப் பாயை விட்டுக் கண்ணை எடுக்காமலே மிதித்தேன். ஒரு தடவை மணலில் சறுக்கி விழுந்து முழங்கை தோலுரிந்தது. எழுந்ததும் முதலில் பார்த்தது பாயைத்தான். இன்னும் தொங்கியது.

காத்திவாக்கம் குப்பத்தில் ஒருவர் கட்டுமரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். மூச்சிரைக்கச் சொன்னேன். தோணி, முள், காந்தம், திட்டு என்று முன்னும் பின்னுமாகத்தான் வந்தது.

"நம்பளுக்கு முள்ளும் தெரியாது ஒண்ணியும் தெரியாது" என்றார். "கரைல பனமரத்தப் பாத்துப் போறவன் நான். திட்டு மட்டும் தெரியும். எங்கண்ணன் பொணம் அங்கதான் ஒதுங்கிச்சு. புடி அந்தப் பக்கம்."

எனக்கு நீச்சல் தெரியாது. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன் இதை வெளியில் சொல்லக்கூடாது, ஆனால் அன்றைக்கு அதை நினைக்க நேரமில்லை. மூன்று அலை தலைக்கு மேல் அடித்தது. ஒரு கையால் கட்டுமரக் கயிற்றையும் இன்னொரு கையால் ஹெட்போனையும் பிடித்துக்கொண்டு, குடித்த உப்புத்தண்ணீரைக் கக்கினேன். அவர் முழங்கால் போட்டுத் துடுப்பு வலித்தார்.

தோணி பெரிதாகிக்கொண்டே வந்தது. பின்பக்கத்தில் ஆள் நிற்பது தெரிந்ததும் "மாமா!" என்று கத்த வாயைத் திறந்தேன். கட்டுமரக்காரர் துடுப்பின் ஈரமுனையால் என் முதுகில் ஒன்று வைத்தார்.

"அறிவு கீதா உனுக்கு? கெளம்பிப் போறவங்கள பின்னாலர்ந்து கூப்டுவியா? நீ கத்தினா ஒருத்தனும் திரும்ப மாட்டான். அபசகுனம்னு இன்னும் அந்தாண்ட வலிப்பாங்க. சுத்திகினு முன்னால போய் நிப்போம். கம்னு குந்து."

அது எனக்கும் தெரிந்ததுதான், வீட்டில் செருப்பு மாட்டிக்கொண்டவனைக்கூட நாங்கள் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. ஆனால் தோணியைச் சுற்றிப் போவதென்றால் இன்னும் கால் மைல். பாதிச் சுற்றில் என் வலது கன்னத்தில் சில்லென்று பட்டது. கடற்காற்று. தொங்கிக் கிடந்த பாய் ஒரு தடவை உதறிக்கொண்டது, மறு தடவை விறைத்தது. தோணியின் முன்பக்கம் தண்ணீரைக் கிழிக்க ஆரம்பித்தது. துடுப்புக்காரரின் முதுகில் நரம்பெல்லாம் எழும்பி நின்றது. நான் வெறும் கையால் தண்ணீரைத் தள்ளினேன். அக்காவின் முகமும் அந்தச் சிவப்புத் துணியும்தான் என் கண்ணில் நின்றன. சாமி பேர் எல்லாவற்றையும் சொன்னேன், சாயபுவின் அல்லாவையும் விடவில்லை. எங்களைக் கடக்கத் தோணிக்கு இன்னும் ஐம்பது முழம்தான் இருந்தபோது அதன் முன்னால் போய் விழுந்தோம். முன்பக்கம் நின்றவன் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டான். பாயை அவிழ்த்துவிட்டுத் தோணியை நிறுத்தினார்கள்.

கயிறு பிடித்து மேலே ஏறியதும் மாமா என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அவர் முகம் வெளுத்திருந்தது. "அக்காவுக்கு இன்னாடா? சொல்டா."

"அக்கா நல்லா கீது மாமா. முள்ளு... முள்ளப் பாரு."

அவருக்கு மூச்சு வந்தது. "அடப் பேஜாரு புடிச்சவனே, அதுக்கா வந்தே? அத்த காலைலயே பாத்துட்டேன். லைட் அவுஸ முதுகுல நேரா வெச்சிப் பாத்தேன். முள்ளு ரெண்டு வெரக்கடை தள்ளி நிக்குது. நீதான் ஒரு மாசமா சொல்லிகினு இருந்தியே, கெயவனாயிடுச்சுன்னு. விஷயம் தெரிஞ்சவன் சொன்னது சரியாத்தான் இருக்கும்னு சாக்பீஸால புதுக் கோடு போட்டுகினேன்."

மாடத்தைக் காட்டினார். கிண்ணத்தின் விளிம்பில் வெள்ளைக் கோடு. இருபது வருஷமாக அந்த முள்ளைக் கையில் வைத்துக் கடலைக் கடந்தவர். அது தப்பாகக் காட்டியபோது, புதிதாக வந்த என் பெட்டிமேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. தன் முள்ளைச் சந்தேகப்பட்டிருக்கிறார், நான் அடித்த கேலிக்காக. இரண்டு விரல் கழித்துக்கொண்டால் போதும் என்று நினைத்திருக்கிறார். காந்தம் தோணியோடு ஆணியடித்த மாதிரி இருக்கிறது. தோணி திசை மாற மாற முள் காட்டுகிற தப்பும் மாறும், ஒரு பக்கம் இரண்டு விரல் என்றால் இன்னொரு பக்கம் நான்கு. அந்தக் கோட்டை நம்பினால் திட்டுதான்.

"முள்ளு மேல தப்பில்ல மாமா. என் மேலதான்" என்றேன்.

அறைக்குள் நுழைந்து திருகாணிகளைக் கழற்றினேன். ஈரக் கையில் ஸ்குரூ டிரைவர் வழுக்கியது. என்னமாய் இறுக்கியிருந்தேன்! நான்காவதைக் கழற்றிப் பெட்டியைப் பலகையிலிருந்து பிரித்து இழுத்தபோது, வெளியே சுக்கான் பிடித்தவர் குரல் கேட்டது. "தண்டல்! முள்ளு திரும்புது! தானா திரும்புது!"

நான் எட்டிப் பார்த்தேன். தட்டு மெதுவாகச் சுழன்று, ஒரு தடவை தாண்டிப் போய், திரும்பி வந்து நின்றது. மாமா குனிந்து அதைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, சாக்பீஸ் கோட்டைத் தேய்த்து அழித்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஏழு பேருக்கு முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

பெட்டியிலிருந்து ஸ்பீக்கரைப் பிய்த்தெடுத்து ஹெட்போனைச் சேர்த்தேன். செட்டை முள்ளுக்கு எட்டாத தூரத்தில், முன்பக்கம் கொண்டுபோய்க் கட்டினோம். ஸ்பீக்கர் இருந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை. அடைக்கப் பலகையும் இல்லை, மெழுகும் இல்லை. கோணியைத் திணித்தேன். "காத்து ஏறுது, வரியா இல்ல காக்கிநாடா போறியா?" என்று கீழேயிருந்து கட்டுமரக்காரர் கத்தினார். ஸ்பீக்கரை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன்.

கடையில் அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், சாக்பீஸ் கோட்டையும் சேர்த்து. கேட்டுவிட்டு எழுந்து போனாள். அதன்பிறகு என்னோடு பேச்சில்லை. தினமும் காலையில் கடையைத் தாண்டித் துறைமுகம் போவாள், புயல் கூண்டு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைப்பக்கம் திரும்பாமலே வீட்டுக்குப் போவாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ரேடியோவில் வானிலை சொல்லும் நேரம் வந்தால் கை வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

பதிமூன்றாம் நாள் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அக்கா நேராக உள்ளே வந்து ஒரு தபால் கார்டை மேஜைமேல் வைத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "படி. சத்தமா படி" என்றாள்.

காக்கிநாடாவில் மண்டிக் கணக்கப்பிள்ளை யாரோ மாமா சொல்லச் சொல்ல எழுதியது. "யாவரும் சுகமாய் வந்து சேர்ந்தோம்" என்று படித்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மேலே படித்தேன். "எண்ணூர் தாண்டிய அன்று சாயங்காலம் மழை மூட்டம். கரை துளியும் தெரியவில்லை. முள்ளைப் பார்த்துத்தான் திட்டைக் கடந்தோம்." அடுத்த வரியைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்தினேன். கடையிலிருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அதைத் தாண்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"முழுங்காதே. எல்லாத்தியும் படி" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

"ரேடியோப் பெட்டி மறுநாளே ஓட்டை வழியாக உப்புத்தண்ணீர் போய் ஊமையாகிவிட்டது" என்று படித்தேன்.

அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பதிமூன்று நாள் சேர்த்துவைத்த சிரிப்பு, முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. கண்ணீரும் வந்தது. கடையில் இருந்தவர்களும் என்ன ஏதென்று தெரியாமல் கூடச் சிரித்தார்கள். கார்டின் ஓரத்தில் இடமில்லாமல் நெருக்கி எழுதிய கடைசி வரி ஒன்று பாக்கி இருந்தது. எழுத்து கலங்கித் தெரிந்ததால் அதை நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க முடிந்தது.

"மச்சானுக்குச் சொல்லவும். அடுத்த நடைக்கும் பெட்டியை அவனே பார்த்து வாங்கட்டும். எங்கே வைப்பதென்று நான் சொல்கிறேன்."